கையால் செய்த இறக்கை

காவிரி டெல்டா வயல்களில் மருந்து தெளிக்கும் ட்ரோன் இப்போது சாதாரணக் காட்சியாகிவிட்டது. கல்யாண வீட்டில் வீடியோ எடுப்பதும் ட்ரோன், தேரோட்டத்தைப் படம் பிடிப்பதும் ட்ரோன். அரியலூர் மாவட்டம் தா.பழூரில் வளரும் ஒரு பள்ளிப் பிள்ளையிடம் ஆகாயத்தில் பறக்கும் இயந்திரம் ஒன்றைச் சொல்லச் சொன்னால் அதைத்தான் முதலில் சொல்லும். ட்ரோன் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே உலகம் முழுக்கப் பலரைப் பொறியாளர்களாக்கிய வேலை ஒன்று உண்டு. இறக்கை வைத்த சிறு விமானத்தைத் தானே வரைந்து, வெட்டி, ஒட்டி, தரையில் நின்றபடி ரேடியோ கருவியால் ஓட்டுவது. ஏரோமாடலிங் என்பது அதன் பெயர்.

இரண்டும் பறக்கின்றன, ஆனால் பறக்கும் விதம் முற்றிலும் வேறு. ட்ரோனின் நடுவே இருக்கும் சிறு கணினி விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை சாய்வை அளந்து, ஒவ்வொரு மோட்டாரின் வேகத்தையும் திருத்திக்கொண்டே இருக்கிறது. மோட்டார்கள் நின்றால் அது நேரே கீழே விழும். ஒழுங்காக வடிவமைத்த விமானத்துக்கு அந்தக் கணினி தேவையில்லை. மோட்டார் நின்றதும் அது மூக்கைச் சற்றுத் தாழ்த்தி, வேகம் பிடித்து, இறக்கையின் பலத்திலேயே சறுக்கத் தொடங்கும். 100 மீட்டர் உயரத்தில் மோட்டார் நின்றுபோனாலும் 500 மீட்டருக்கு மேல் சறுக்கி வந்து தரை சேரும். அதைத் தாங்கி நிற்பது அதன் வடிவம். கடையில் வாங்கிப் பறக்கவிடும் ட்ரோன் அந்த வடிவத்தைப் பற்றி எதையும் கற்றுத்தராது. கையால் ஒரு விமானத்தைச் செய்கிறவர் அதைக் கற்றே ஆக வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்தப் படிப்புக்கு ஒரு பழைய முகவரி இருக்கிறது. சென்னை குரோம்பேட்டையில் 1949-ல் சி. ராஜம் தொடங்கிய மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி. எம்.ஐ.டி. என்றால்தான் பலருக்கும் புரியும். 1950-களில் அங்கே படிக்க வந்த ராமேஸ்வரத்துப் பிள்ளை அப்துல் கலாம், வளாகத்தில் காட்சிக்கு நிறுத்தியிருந்த ஓய்வுபெற்ற இரண்டு விமானங்களைப் பார்த்து மயங்கித்தான் வானூர்திப் பொறியியலைத் தேர்ந்தெடுத்தார். படிப்பின் முடிவில் நண்பர்கள் சிலருடன் சேர்ந்து, தாழப் பறந்து தாக்கும் போர் விமானம் ஒன்றை வடிவமைக்கும் வேலை அவருக்குத் தரப்பட்டது. காற்றியக்க வடிவமைப்பும் வரைபடமும் அவர் பொறுப்பு. வேலையின் போக்கைப் பார்த்த பேராசிரியர் சீனிவாசனுக்குத் திருப்தி இல்லை. மூன்றே நாள் கெடு வைத்தார், முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்றும் சொல்லிவிட்டார். கலாம் சாப்பாட்டையும் தூக்கத்தையும் விட்டு வரைபலகையிலேயே கிடந்து முடித்தார். இந்த நிகழ்ச்சியை அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். வரையாமல் எதையும் வெட்டக் கூடாது என்ற அந்தக் கல்லூரியின் ஒழுக்கம், தெர்மாகோல் விமானம் செய்கிற எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் பொருந்தும்.

அதே வளாகத்தில், இப்போது அண்ணா பல்கலைக்கழகத்தின் விண்வெளி ஆராய்ச்சி மையத்தில், பேராசிரியர் கே. செந்தில்குமார் வழிகாட்ட உருவானதுதான் தக்ஷா அணி. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தார்பா அமைப்பு நடத்திய யு.ஏ.வி. ஃபோர்ஜ் போட்டியில், 2012-ல் ஜார்ஜியா மாநிலத்தில் நடந்த இறுதிக் களத்துக்கு உலகெங்கிலுமிருந்து தேர்வான ஒன்பது அணிகளில் தக்ஷாவும் ஒன்று. 2018-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மருத்துவ உதவியை ஆளில்லா விமானத்தால் கொண்டுசேர்க்கும் ‘மெடிக்கல் எக்ஸ்பிரஸ்’ போட்டி நடந்தது. அதில் இவர்களுக்கு இரண்டாம் இடம். அந்த ஆண்டு அணிக்கு ஆலோசகராக இருந்தவர் நடிகர் அஜித்குமார். சினிமாவில் புகழ்பெற்ற பிறகு ஒட்டிக்கொண்ட அலங்காரப் பதவி என்று அதை நினைத்துவிடக் கூடாது. ரேடியோவில் ஓடும் சிறு விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் செய்து பறக்கவிடுவது அவருடைய நெடுநாள் ஈடுபாடு.

பொறியியல் கல்லூரிக்குப் போகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் ஏரோமாடலிங் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அந்தப் பிரிவின் அகில இந்திய வாயு சைனிக் முகாமில் அதற்குப் போட்டியும் உண்டு. கல்லூரிக்குப் போனபின், வாகனப் பொறியாளர்கள் அமைப்பான எஸ்.ஏ.இ. இந்தியாவின் தென்மண்டலம் நடத்தும் ஏரோ டிசைன் சேலஞ்ச் இருக்கிறது. அதில் அணிகள் தாங்களே வடிவமைத்த விமானத்தில் சுமையேற்றிப் பறந்து காட்ட வேண்டும். தூக்கிய எடைக்கு மட்டுமல்ல, எழுதிய வடிவமைப்பு அறிக்கைக்கும் மதிப்பெண் உண்டு.

இந்தக் கலையின் வேர் பாரிஸ் நகரத்துப் பூங்கா ஒன்றில் இருக்கிறது. 1871 ஆகஸ்டில் துய்லரி தோட்டத்தில் அல்ஃபோன்ஸ் பெனோ என்ற 21 வயது இளைஞர், முறுக்கிய ரப்பரால் ஓடும் சிறு விமானம் ஒன்றைப் பறக்கவிட்டார். பறந்தது 11 விநாடி, சுமார் 40 மீட்டர் தூரம். பின்னால் ஒரு வால் இறக்கையை வைத்து, அதைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து ஒட்டியிருந்தார். ஓட்ட ஆளில்லாமலே விமானம் தன்னைத் தானே நேராக்கிக்கொண்டது அந்தச் சாய்வினால்தான். ரப்பரால் ஓடும் பெனோவின் இன்னொரு பொம்மையை ஒட்டிச் செய்த ஹெலிகாப்டர் ஒன்றைத்தான் 1878-ல் ரைட் சகோதரர்களின் தந்தை வெளியூரிலிருந்து வாங்கிவந்து கொடுத்தார். தங்கள் பறக்கும் ஆசைக்குத் தொடக்கம் அதுவே என்று அவர்கள் பின்னாளில் சொன்னார்கள்.

ரேடியோ வந்து சேர்ந்தது 1930-களில். அமெரிக்காவின் வால்டர், வில்லியம் குட் என்ற சகோதரர்கள் 1937-ல் பறக்கவிட்ட ‘கஃப்’ என்னும் மாதிரி இன்று ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கிருந்து 2003-க்கு வந்தால் நிற்பவர் மேனார்ட் ஹில். வயது 77, பார்வை ஏறக்குறைய போய்விட்டது, விரல்களால் தடவிப் பார்த்தே பால்சா மரத்தை இழைத்து ஒட்டுகிறவர். அவரும் நண்பர்களும் செய்த ‘டாம்-5’, 5 கிலோவுக்குள் எடை அடங்கிய மாதிரி விமானம். ஆகஸ்ட் 9 அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து கிளம்பி, நடுவழியில் தானியங்கிக் கருவியின் துணையோடு அட்லாண்டிக்கைத் தாண்டி, ஆகஸ்ட் 11 அன்று அயர்லாந்தின் கிளிஃப்டன் அருகே தரையிறங்கியது. சுமார் 3,000 கிலோமீட்டர், 38 மணி 52 நிமிடம். 1919-ல் ஆல்காக்கும் பிரவுனும் முதன்முதலாக அட்லாண்டிக்கை நிற்காமல் பறந்து கடந்து இறங்கியதும் அந்த ஊருக்குப் பக்கத்தில்தான். ஒரு பெரியவரின் விரல்நுனிகள் இதைச் செய்தன என்பதை எத்தனை முறை படித்தாலும் சிலிர்க்கிறது.

சரி, தா.பழூரில் ஒருவர் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். எதிலிருந்து தொடங்குவது?

எடையிலிருந்து. இறக்கையின் நீளத்திலிருந்தோ மோட்டாரிலிருந்தோ தொடங்குகிறவர்கள்தான் அதிகம், பாதி விமானங்கள் கெடுவதும் அங்கேதான். முதலில் தவிர்க்க முடியாத எடைகளைக் கூட்ட வேண்டும். கடைகளில் ‘2212’ என்று கேட்டால் கிடைக்கும் பிரஷ்லெஸ் மோட்டார் 50 முதல் 60 கிராம். அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் ஈ.எஸ்.சி. சுமார் 25 கிராம். வாலை அசைக்கும் சர்வோ ஒவ்வொன்றும் 9 கிராம். மூன்று செல் கொண்ட 2200 மில்லி ஆம்பியர் லிப்போ பேட்டரி 180 கிராம் அளவு. ரிசீவர், ஒயர், புரொப்பெல்லர் எல்லாம் சேர்ந்து 300 கிராமைத் தாண்டிவிடும். மொத்த விமானமும் 900 கிராம் என்று முடிவு செய்தால் உடலுக்கும் இறக்கைக்கும் வாலுக்கும் பசைக்கும் மிஞ்சுவது 600 கிராமுக்குள்தான்.

அடுத்தது இறக்கை. முதல் விமானத்துக்கு 120 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் போதும். பரப்பு 0.24 சதுர மீட்டர். இறக்கை தரும் தூக்குவிசை காற்றின் அடர்த்தியையும், பரப்பையும், வேகத்தின் இருமடிப் பெருக்கத்தையும் பொறுத்தது. அதை எடைக்குச் சமமாக வைத்துப் பார்த்தால், இந்த விமானம் காற்றில் நிற்பதற்கு வேண்டிய குறைந்தபட்ச வேகம் தெரிந்துவிடும். சித்திரை வெயிலில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும்போது, 20 டிகிரிக் காலைக் காற்றைவிட அடர்த்தி சுமார் ஆறு சதவீதம் குறைவு. அதையும் கணக்கில் சேர்த்தால் மணிக்கு ஏறக்குறைய 27 கிலோமீட்டர் வரும். அதற்குக் கீழே போனால் இறக்கை காற்றை விட்டுவிடும், விமானம் சரியும்.

இப்போது ஒரு சோதனை. பசையைத் தாராளமாக ஊற்றி, பெரிய பேட்டரியும் வைத்து, எடை 1,200 கிராம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்ச வேகம் 31 கிலோமீட்டராக ஏறும். நான்கு கிலோமீட்டர்தானே கூடியது என்று தோன்றும். ஆனால் தரையில் மோதும் வலிமை எடையோடும் வேகத்தின் இருமடியோடும் சேர்ந்து வளர்வது. 300 கிராம் கூடியதற்கு மோதல் 80 சதவீதம் அளவுக்குக் கடுமையாகிவிடுகிறது. கனமான விமானம் உடைவதும், உடைந்ததைப் பலப்படுத்த இன்னும் பசை ஊற்றி மேலும் கனமாக்குவதும் ஏரோமாடலிங்கில் எல்லோரும் பார்த்த கதை. கணக்குப் போட்டவருக்கு மட்டும்தான் அந்தச் சுழலிலிருந்து வெளியே வர வழி தெரியும்.

பெரிய விமானத்தை அப்படியே சுருக்கி வரைந்தால் பறக்குமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. நீளத்தைப் பாதியாக்கினால் பரப்பு கால்பங்காகும், கன அளவு அரைக்கால் பங்காகும், காற்று மட்டும் அதே காற்றாகவே இருக்கும். சிறிய இறக்கையைக் காற்று வேறு விதமாக உணர்கிறது. ரெய்னால்ட்ஸ் எண் என்ற அளவு இதைச் சொல்கிறது. பயணிகள் விமானத்தின் இறக்கைக்கு அது சில கோடி. நம் 20 சென்டிமீட்டர் அகல இறக்கைக்கு ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டும். அதனால் ஜெட் விமானத்தின் இறக்கை வெட்டுமுகம் இங்கே உதவாது. அடிப்பக்கம் ஏறக்குறையத் தட்டையாகவும் மேல்பக்கம் வளைந்தும் இருக்கும் ‘கிளார்க் ஒய்’ வகை வெட்டுமுகம் 1920-களில் வந்தது. நூறாண்டு ஆகியும் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதுதான் கைகொடுக்கிறது.

வால் இறக்கைக்கு முதன்மை இறக்கையின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு போதும். 40 சென்டிமீட்டர் நீளம், 12 சென்டிமீட்டர் அகலம். அதை இறக்கைக்குப் பின்னால் 50 முதல் 60 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். இறக்கையின் இரு பாதியும் நடுவிலிருந்து மேல்நோக்கிச் சற்றே வளைந்திருந்தால், ஒரு பக்கம் சாய்ந்த விமானம் தானாகவே நிமிரும். அப்படி வைத்தால் இறக்கையில் அசையும் பாகம் எதுவும் வேண்டாம். மோட்டார், மேலும் கீழும் அசையும் வால், இடமும் வலமும் அசையும் சுக்கான் என்று மூன்றே கட்டுப்பாடுகளில் ஓட்டிவிடலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் எடை மையம். இறக்கையின் முன் விளிம்பிலிருந்து 5 அல்லது 6 சென்டிமீட்டர் பின்னால், இறக்கைக்கு அடியில் இரு பக்கமும் ஒவ்வொரு விரலை வைத்துத் தூக்கினால் விமானம் மட்டமாக நிற்க வேண்டும். மூக்கு சற்றுத் தாழ்ந்தால் பரவாயில்லை, சுமாராகவாவது பறக்கும். வால் தாழ்ந்தால் பறக்கவிடவே கூடாது. ஓட்டுபவர் திருத்தத் திருத்த அது இன்னும் மேலே மூக்கைத் தூக்கும், வேகம் இழக்கும், சரியும். இதைச் சரிசெய்ய ஈயத்துண்டு ஒட்ட வேண்டியதில்லை. 180 கிராம் பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்துவதற்கு உடலில் இடம் விட்டு வரைந்திருந்தால் போதும்.

பொருள்களுக்கு வருவோம். ஈக்வடாரிலிருந்து வரும் பால்சா மரம் எடைக்கும் உறுதிக்கும் நிகரற்றது, விலையும் அப்படித்தான். தொடங்குகிறவருக்கு மெல்லிய ஃபோம் ஷீட்டோ, பிரிண்டிங் கடைகளில் அறிவிப்புப் பலகைக்குப் பயன்படுத்தும் சன்பேக் ஷீட்டோ போதும். மதனத்தூர் – நீலத்தநல்லூர் பாலத்தைத் தாண்டினால் கும்பகோணம். ஷீட்டும் பசைத் துப்பாக்கியும் அங்கே கிடைக்கும். மோட்டாரும் ரேடியோவும் சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ வாங்க வேண்டியவை. தெர்மாகோலை சில பசைகள் கரைத்துவிடும், ஆகையால் முதலில் ஒரு துண்டில் தடவிப் பார்ப்பது நல்லது. இறக்கை மடங்காமலிருக்க உள்ளே நீளவாக்கில் ஒரு தாங்கி வேண்டும். கார்பன் குழாய் கிடைக்காத இடத்தில், நன்றாகக் காய்ந்து ஒரே சீராக இழைத்த மூங்கில் பட்டை அந்த வேலையைச் செய்துவிடும். ஊர்ப் பிள்ளைகளுக்குப் பட்டம் கட்டிப் பழகிய கை அங்கே உதவும்.

முன்பு மெத்தனாலும் ஆமணக்கெண்ணெயும் கலந்த எரிபொருளில் ஓடும் சிறு என்ஜின்கள்தான் இருந்தன. அன்றைக்கு ஒரே அலைவரிசையில் இருவர் ரேடியோவைப் போட்டுவிட்டால் இரண்டில் ஒரு விமானம் தரையில்தான். இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ தன் ரிசீவரை மட்டுமே அடையாளம் கண்டு பேசும். சர்வோவுக்கு ரிசீவர் அனுப்புவது விநாடிக்கு 50 மின்துடிப்புகள். துடிப்பின் நீளம் ஒன்றரை மில்லிவிநாடி என்றால் நடுநிலை, ஒன்றாகக் குறைந்தால் ஒரு பக்கம், இரண்டாக நீண்டால் மறுபக்கம். மோட்டாரில் எழுதியிருக்கும் 1000 கே.வி. என்பது, சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் ஆயிரம் சுற்று என்ற கணக்கு. மூன்று செல் பேட்டரியின் 11.1 வோல்ட்டில் அது எவ்வளவு என்பதைப் பிள்ளைகள் தாங்களே பெருக்கிக்கொள்வார்கள். அந்த வேகத்தில் சுற்றும் புரொப்பெல்லர் விரலைத் துண்டித்துவிடும். மேசையில் வைத்துச் சோதிக்கும்போது புரொப்பெல்லரைக் கழற்றிவிட வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. லிப்போ பேட்டரி உப்பினாலோ குத்துப்பட்டாலோ தீப்பிடிக்கும். கண்முன்னே வைத்துத்தான் சார்ஜ் செய்ய வேண்டும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 25-ல் வந்த ட்ரோன் விதிகள் நாம் செய்யும் மாதிரி விமானங்களுக்கும் பொருந்தும். 250 கிராமுக்கு மேல் 2 கிலோவுக்குள் இருப்பது மைக்ரோ வகை. வணிக நோக்கமில்லாமல் அதை ஓட்ட ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. கல்விக்கும் பொழுதுபோக்குக்கும் பார்வை எல்லைக்குள் பறக்கும் 25 கிலோவுக்குட்பட்ட மாதிரிகளுக்கு வகைச் சான்றிதழிலிருந்து விலக்கு உண்டு. பதிவு செய்து அடையாள எண் பெறுவது பொது விதி. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் பச்சை நிறமிட்ட பகுதியில் 400 அடி வரை பறக்கலாம். கொள்ளிடத்துக்குத் தெற்கே தஞ்சாவூரில் 2020 முதல் சுகோய் போர் விமானங்கள் நிற்கும் விமானப்படைத் தளம் இருப்பதால், பறக்கும் இடத்தை அந்த வரைபடத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புவது அவசியம். அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி பறவைகள் சரணாலயம் 2024-ல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் இமயத்தைத் தாண்டி வந்து தங்கும் அந்த ஏரிப்பக்கம் எந்த விமானமும் போகக் கூடாது.

இடம் என்று பார்த்தால் தா.பழூர்ப் பக்கத்துக்கு உள்ள வசதி சென்னைக்கு இல்லை. கண்ணுக்கு எட்டியவரை மட்டமான நிலம். ஆனால் தை அறுவடை முடிந்ததும் வயல் காலி என்று நினைத்து இறங்கிவிட முடியாது, தாளடியில் உளுந்து முளைத்திருக்கும். உளுந்தும் எடுத்த பிறகு, பங்குனியில் நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு போகலாம். வயலின் குறுக்கே போகும் மின்கம்பிகளை முதலில் பார்த்து வைக்க வேண்டும். ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரிக் காடுகளில் விழுந்த விமானத்தைத் தேடி எடுப்பது லேசல்ல. விமானத்துக்குச் சக்கரமே வேண்டாம். வயிற்றால் சறுக்கி இறங்க அறுவடை முடிந்த காய்ந்த வயல் நல்ல தரை.

முதல் பறப்புக்கு விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் உள்ள பொழுதுதான் சரி. காற்றை எதிர்த்து நின்று, சுக்கானும் வாலும் சொன்ன பக்கம் அசைகின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, மட்டமாக எறிய வேண்டும், மேல்நோக்கி எறியக் கூடாது. ஏறியதும் மோட்டாரைக் குறைத்து, கையை எடுத்துவிட்டு, விமானம் தன்போக்கில் என்ன செய்கிறது என்று கவனிக்க வேண்டும். மோட்டார் கூட்டும்போது மூக்கு தூக்கினால் மோட்டாரை இரண்டு மூன்று டிகிரி கீழே சாய்த்து மாட்டுவது, இடப்பக்கம் இழுத்தால் சற்று வலமாகத் திருப்புவது என்று ஒவ்வொரு குறைக்கும் தரையில் ஒரு திருத்தம் உண்டு. அதையெல்லாம் தேதியோடு நோட்டில் எழுதி வைக்கிறவரின் இரண்டாவது விமானம் முதலாவதைவிட நிச்சயம் நன்றாகப் பறக்கும்.

பழகியவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. பத்து மணி வெயிலில் காய்ந்த தரையிலிருந்து சூடான காற்று தூணாக எழும். கரும்பருந்துகள் இறக்கையை அடிக்காமல் வட்டமிட்டு ஏறுவது அதற்குள்தான். நீண்ட மெல்லிய இறக்கை வைத்த கிளைடரைப் பருந்து சுற்றும் இடத்துக்கு ஓட்டிப்போய், மோட்டாரை நிறுத்திவிட்டு, அதே பக்கம் வட்டமடித்தால் விமானமும் ஏறும். 400 அடி எல்லையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதுதான் அப்போது பெரிய வேலை. இது ஆனி வரைதான். அதன்பின் மேலைக்காற்று வேகமெடுத்து ஆடியில் மரங்களை வளைக்கும்போது ஒரு கிலோ விமானத்துக்கு ஆகாயத்தில் வேலையில்லை. அடுத்த இறக்கையை வரைந்து, வெட்டி, ஒட்டி முடிக்க அந்தக் காற்றுக் காலம் சரியாக இருக்கும்.